அவர் கிரிக்கெட் ஆடியதே இல்லை

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழை ஒன்று, தூக்கம் வராத இரவுகளில் இன்றும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்த பெரியவர் எண்பத்தொன்பதாம் வயதில் காலமாகியிருந்தார். அவருடைய மகன் ஆங்கிலத்தில் எழுதிய அஞ்சலிக் குறிப்பைத் தமிழில் தரவேண்டும். இரண்டே பக்கம், விடிவதற்குள் வேண்டும். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாக எடுத்துக்கொண்டு அப்போது எனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பிறப்பு, படிப்பு, தொழில், அறப்பணி எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசி வரியில் 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்று இருந்தது. இன்னிங்ஸ் என்றால் கிரிக்கெட் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். "அவர் சிறந்த கிரிக்கெட் வீரராகவும் விளங்கினார்" என்று எழுதினேன். அந்த 'உம்', முன்பு வந்த தொழிலதிபர், கொடையாளர் இரண்டோடும் எவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்துகொண்டது என்று மகிழ்ந்து, அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அச்சாகிவிட்டது. மூன்றாம் நாள் மகன் கூப்பிட்டார். "மேடம், அப்பா கிரிக்கெட் ஆடியதே இல்லை. ஆடுகிறவர்களைக் கண்டாலும் அவருக்குப் பிடிக்காது" என்றார். கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார் என்றுகூட நினைக்கிறேன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஒரு பேட்ஸ்மேன் களத்தில் நிற்கும் காலம்தான் இன்னிங்ஸ். என்றைக்கிருந்தாலும் முடியக்கூடியது. முடிவதற்குள் நன்றாக ஆடி, வெகுநேரம் நின்றுவிட்டுப் போனால் குறையொன்றும் இல்லை. வயதாகி இறந்தவரைப் பற்றி ஆங்கிலேயர்கள் சொல்வது அதைத்தான். 'நிறைவாழ்வு வாழ்ந்தார்' என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய வரி. 'கல்யாணச் சாவு' என்று இன்னும் நல்ல சொல்கூட நம்மிடம் இருக்கிறது. அஞ்சலிக் குறிப்பில் போடத்தான் துணிச்சல் வராது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். விளையாட்டு என்றால் காத தூரம் ஓடுகிறவள் நான். பள்ளியில் விளையாட்டு நேரம் முழுவதையும் நூலகத்தில் கழித்தவள். ஆனால் இந்த ஆங்கிலத்தோடு குடித்தனம் நடத்தவேண்டுமானால் ஆட்டங்களின் விதிகளையாவது தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று புரிந்துவிட்டது. எனக்கு வாய்த்த ஆசிரியர் என் அக்கா மகன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. உலகத்தில் எந்த மூலையில் எந்தப் பந்தை யார் உதைத்தாலும் அவனுக்குத் தெரியும். இன்றைக்கும் நடு இரவில் தொலைபேசியில் கூப்பிட்டு, "பேஸ்பாலில் நாலு மூலையிலும் இருக்கிற அந்தச் சதுரத்துக்குப் பெயர் என்ன?" என்று நான் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்கிற ஒரே ஜீவன் அவன்தான்.

முதலில் பிடித்துக்கொண்டது குத்துச்சண்டையை. அடிதடி எனக்கு ஆகாதுதான். ஆனால் வணிகக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ரகசியமாகக் குத்துச்சண்டை வீரர்களோ என்று எண்ணும்படி அவர்கள் எழுத்தில் அது மலிந்துகிடந்தது. ஒரு சரக்கு 'டஸ் நாட் கம் அப் டு ஸ்கிராட்ச்' என்று ஒரு புகார்க் கடிதம். தரமாக இல்லை என்பது அகராதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. ஸ்கிராட்ச் என்றால் கீறல். தரத்துக்கும் கீறலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் தரையில் இருந்தது. கையுறை இல்லாமல் வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்தில், களத்தின் நடுவே ஒரு கோடு கீறிவைப்பார்கள். ஒருவன் கீழே விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. முப்பது விநாடி ஓய்வு. அதன் பிறகு எட்டு விநாடிக்குள் யாருடைய துணையும் இல்லாமல் தானே நடந்து அந்தக் கீறலுக்கு வந்து நிற்கவேண்டும்; வராவிட்டால் தோற்றான். 1838-இல் வகுத்த லண்டன் விதிகளில் இது இருக்கிறது. அதைப் படித்தபோது அந்தப் புகார்க் கடிதத்தின் சரக்கு என் கண்ணுக்கு முகம் வீங்கி, கால் தள்ளாடி, கோட்டை நோக்கி இரண்டடி வைத்து உட்கார்ந்துவிட்ட மனிதனாகத் தெரிந்தது. "எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை" என்று அதுவரை எழுதி வந்தேன். 'எட்டவில்லை' என்பது தற்செயலாக எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.

'பிலோ த பெல்ட்' வேறு விதமாக என்னைப் படுத்தியது. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது பழைய விதி. 1743-இல் ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டை வீரர் எழுதிவைத்த விதிகளிலேயே, விழுந்து கிடப்பவனை அடிக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று வருகிறது. சரி, தமிழில் எப்படிச் சொல்வது? எதிராளியைப் பற்றி ஓர் அரசியல்வாதி கேவலமாகப் பேசியதை 'இடுப்புக்குக் கீழே அடித்தார்' என்று எழுதினால் அவர் வேறு வழக்கில் மாட்டிக்கொள்வார். 'முதுகில் குத்தினார்' என்று பலர் போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். அது தவறு. முதுகில் குத்துகிறவன் நண்பனாக இருந்து துரோகம் செய்கிறான். இவனோ எதிரில் நிற்கும் எதிரிதான், பகை வெளிப்படையானது, முறைதான் கேவலம். பேச்சைப் பற்றி வரும்போது 'தரம்தாழ்ந்து தாக்கினார்' என்று இப்போது எழுதுகிறேன். 'தாழ்ந்து' என்ற இடத்தில் கொஞ்சம் இடுப்பு தெரிகிறது.

தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசுவது என்ற தொடரில் பல வருடம் கவனிக்காமல் போன ஒன்றை அக்கா மகன்தான் காட்டினான். "சித்தி, துண்டை வீசுவது அடிவாங்குகிறவன் இல்லை. அவனுடைய மூலையில் நிற்கிற பயிற்சியாளர். அவன் இன்னும் அடிக்கத் தயாராகத்தான் நிற்பான்" என்றான். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு தேய்ந்துபோய், கைவிட்டவரே துண்டை வீசியதாகச் சொல்கிறார்கள். துண்டுக்கு முந்தைய தலைமுறையில் கடற்பஞ்சை வீசியிருக்கிறார்கள். முகத்தில் ரத்தம் துடைத்த பஞ்சு. அது போய்த் துண்டு வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

1867-இல் குவின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகளோடு கீறல் போய்விட்டது. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவனுக்குப் பத்து விநாடி என்று இன்றைய ஒழுங்கு வந்தது. பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடியும் மணி அடித்தால் விழுந்தவன் பிழைத்தான். 'சேவ்ட் பை த பெல்' என்பது அதுதான். சவப்பெட்டிக்குள் உயிரோடு புதைபட்டவர் கயிற்றை இழுத்து மணியடித்துப் பிழைத்த கதை என்று இணையத்தில் சுற்றும் விளக்கத்தை நான் நம்பி, நாலு பேருக்கு நடித்தும் காட்டியிருக்கிறேன். அவர்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குதிரைப் பந்தயத்துக்கு வருகிறேன். இங்கேதான் என்னுடைய இரண்டாவது பெரிய சறுக்கல். யாரும் பொருட்படுத்தாத ஒரு வேட்பாளர் திடீரென்று முன்னுக்கு வந்ததைப் பற்றிய கட்டுரையில் 'டார்க் ஹார்ஸ்' என்று இருந்ததைக் 'கறுப்புக் குதிரை' என்று எழுதினேன். யாரும் திருத்தவில்லை. விளையாட்டுப் பக்கங்களில் இன்றும் அப்படி எழுதுகிறார்கள் என்பதால் எனக்குக் கூட்டாளிகள் உண்டு. அக்கா மகன் படித்துவிட்டு, "குதிரை வெள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டது சரி. அங்கே டார்க் என்பது நிறத்தைச் சொல்லவில்லை. அந்தக் குதிரையின் திறமை இருட்டில் இருக்கிறது. எப்படி ஓடும் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. 1831-இல் வந்த டிஸ்ரேலியின் நாவல் ஒன்றில், யாரும் நினைத்தே பார்க்காத அப்படி ஒரு குதிரை பார்வையாளர் மாடத்தைத் தாண்டிப் பாய்ந்து வெல்கிறது. பிற்பாடு பிரிட்டனின் பிரதமரான அதே டிஸ்ரேலிதான். 1844-இல் அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முன்னணித் தலைவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு, ஒன்பதாவது சுற்று வாக்கெடுப்பில் ஜேம்ஸ் போல்க் வேட்பாளராகி, அதிபரும் ஆனபோது இந்தச் சொல் அரசியலுக்கு நன்றாகக் குடிபெயர்ந்துவிட்டது. இப்போது நான் 'யாரும் கணக்கில் வைக்காத ஆள்' என்று எழுதுகிறேன். குதிரை போய்விட்டது. போகட்டும். தப்பான நிறத்தில் ஒரு குதிரை நிற்பதற்கு, லாயம் காலியாக இருப்பது மேல்.

அரசியலுக்கும் பந்தயக் குதிரைக்கும் ஆங்கிலத்தில் இருக்கிற உறவு விட்டுப்போகாதது. துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்கிறார்கள். ஒரே லாயத்தைச் சேர்ந்த முதன்மைக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுப்பதற்காகக் கூடவே ஓடவிடும் குதிரைக்கு அந்தப் பெயர். பிரிட்டிஷ் தேர்தல் முறைக்குக் 'கம்பத்தை முதலில் கடந்தவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த முறையில் கம்பமே கிடையாது. இத்தனை வாக்கு என்ற எல்லைக்கோடு எதுவும் இல்லை, மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் போதும். ஆனாலும் தேர்தலில் அமெரிக்கர்தான் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ்காரர் 'நிற்கிறார்'. தமிழிலும் நிற்கத்தான் செய்கிறோம். ஓடுவதெல்லாம் முடிவு வந்த பிறகுதான்.

'ஹேண்டிகேப்' என்ற சொல்லை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். தொப்பியை ஏந்திப் பிச்சை எடுத்தவர்களால் வந்த சொல் என்று ஒரு கதை உலவுகிறது; அது கட்டுக்கதை. உண்மையில் 'கை தொப்பிக்குள்' என்பதிலிருந்து வந்தது. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள். ஒருவரிடம் கைக்கடிகாரம், இன்னொருவரிடம் சேணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் ஒருவர் நடுவராக இருந்து, மதிப்புக் குறைந்த பொருளைத் தருகிறவர் கூட எவ்வளவு பணம் வைக்கவேண்டும் என்று சொல்வார். மூவரும் ஒரு தொப்பியில் கொஞ்சம் பந்தயக் காசு போட்டிருப்பார்கள். மாற்றிக்கொள்கிற இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுப்பார்கள். கை நிலையைப் பார்த்துச் சம்மதமா மறுப்பா என்று தெரிந்துகொள்ளலாம். சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் 1660 செப்டம்பரில், இதுவரை தான் அறியாத ஆட்டம் என்று சொல்லி இதை ஆடி மகிழ்ந்ததைப் பதிந்திருக்கிறார்.

சமன்செய்யும் அந்தத் தொகைதான் 18-ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. எல்லாக் குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக, நடுவர் நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவார். கவனியுங்கள்: எடை வலுவான குதிரைக்கு. நோஞ்சான் குதிரை லேசாக ஓடும். அங்கிருந்து, சுமந்துகொண்டு ஓடவேண்டிய எந்தச் சுமைக்கும் அந்தப் பெயர் பரவி, கடைசியில் 20-ஆம் நூற்றாண்டில் மனிதர்களின் உடற்குறைக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளையாக இப்போது ஆங்கிலத்திலேயே அந்தப் பொருளில் அதைக் கைவிட்டு வருகிறார்கள். ஆனால் கோல்ஃப் கட்டுரையில் ஒருவருடைய ஹேண்டிகேப் பன்னிரண்டு என்று வந்தால் பதறவேண்டாம். ஆட்டத்தின் முடிவில் அவருக்குக் கழித்துக் கொடுக்கும் அடிகளின் கணக்கு அது.

(ஆங்கில விளையாட்டுக்கும் தொப்பிக்கும் என்ன பந்தமோ தெரியவில்லை. 1858-இல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீவன்சன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தபோது, கூடியிருந்தவர்கள் காசு திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். 'ஹாட்ரிக்' என்று இன்று மூன்றாம் முறை வென்ற எம்.எல்.ஏ. வரைக்கும் அந்தத் தொப்பி கைமாறி வந்திருக்கிறது.)

கோல்ஃபைச் சொன்னதால் 'பார்' என்ற அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழிக்கு இத்தனை அடியில் பந்தைப் போடவேண்டும் என்ற கணக்கு அது. அதைவிடக் குறைவாக அடித்தால் கெட்டிக்காரர். ஆனால் அலுவலக அறிக்கையில் ஒருவருடைய வேலை 'பிலோ பார்' என்றால் மோசம். நான் கோல்ஃபை நம்பி அந்த ஊழியரைப் பாராட்டி எழுதப் போனேன். அடுத்த வரியில் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அந்தத் தொடர் பங்குப் பத்திரங்களின் முகமதிப்பிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பந்தைக் காட்டி ஏமாற்றுகிற தொடர்களும் உண்டு.

ஆட்டம் மாறி, சொல் மட்டும் அனாதையாக நின்றுவிடுவதும் உண்டு. கோல்ஃபில் என் பந்துக்கும் குழிக்கும் நடுவே எதிராளியின் பந்து நந்தி மாதிரி மறித்து நின்றால் அதற்கு 'ஸ்டைமி' என்று பெயர். அதை அகற்றச் சொல்ல முடியாது. தாண்டி அடிக்கவேண்டும், அல்லது சுற்றி அடிக்கவேண்டும். 1952-இல் விதியை மாற்றி அந்த நிலையையே ஒழித்துவிட்டார்கள். இன்று கோல்ஃப் ஆடுகிறவர்களில் யாருக்கும் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஆங்கிலச் செய்தித்தாள்களில் வாரத்துக்கு ஒரு பேச்சுவார்த்தையாவது 'ஸ்டைமி' ஆகிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் கண்ட தமிழ் 'முட்டுக்கட்டை'. வண்டிச் சக்கரம் உருளாமல் கொடுக்கும் கட்டை. முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தும் வண்டியை இந்தக் காலத்துப் பிள்ளைகளும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் இரண்டும் சரிக்குச் சரி.

கிரிக்கெட் நமக்குத் தெரிந்த ஆட்டம் என்பதால் அதன் தொடர்கள் எளிது என்று நினைத்தேன். 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. தன் மட்டையால் தானே எடுத்த ரன். 'ரைட் ஆஃப் த பேட்' என்றால் எடுத்த எடுப்பிலேயே. இது அமெரிக்க பேஸ்பால் மட்டை, பந்து பட்டவுடன் தெறிக்கிற வேகம். மட்டை இரண்டு, நாடு இரண்டு, பொருள் இரண்டு. ஒரு கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் மேலாளர் தானாக முன்வந்து பொறுப்பேற்றாரா, உடனே பொறுப்பேற்றாரா என்று எனக்குக் குழப்பம் வந்து, இரண்டையும் சேர்த்துத் 'தாமாகவே உடனடியாக முன்வந்து' என்று எழுதிவிட்டேன். அவர் மகிழ்ந்திருப்பார்.

'கூக்ளி' பற்றி ஒரு சின்னச் சந்தோஷம். பந்துவீச்சாளரின் கையைப் பார்த்தால் ஒரு பக்கம் திரும்பும் என்று தோன்றும், விழுந்து எதிர்ப்பக்கம் திரும்பும். பெர்னார்ட் போசன்கெட் என்பவர் மேசையில் டென்னிஸ் பந்தை உருட்டி விளையாடியபோது கண்டுபிடித்தது. 1900-இல் லார்ட்ஸ் மைதானத்தில் 98 ரன்னில் நின்ற சாமுவேல் கோ என்பவர் இந்தப் பந்துக்கு ஸ்டம்பிங் ஆனார். அந்தப் புகழ்பெற்ற பந்து நான்கு முறை குதித்துக் குதித்துப் போனதாம். நூறுக்கு இரண்டு ரன் இருக்கும்போது, நான்கு முறை குதித்து வந்த பந்தில் ஆட்டமிழந்தவரின் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. பேட்டியில் ஒருவரிடம் எதிர்பாராத கேள்வி கேட்டால் அதைக் 'கூக்ளி' என்றே தமிழிலும் எழுதிவிடலாம், எல்லாருக்கும் புரியும். மொழிபெயர்க்காமல் விடுவதும் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று.

இத்தனை சொன்னாலும் இந்த மரபுத்தொடர்கள் பரவாயில்லை. விளையாட்டு வாடை அடிப்பதால் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று எச்சரிக்கையாவது வரும். என்னை உண்மையிலேயே அழவைத்தவை, வினைச்சொல்லின் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட், ஓவர். 'நாக்' என்றால் தட்டு. நாக் அவுட், குத்துச்சண்டையில் எழமுடியாதபடி வீழ்த்துவது. நாக் அப், டென்னிஸில் ஆட்டம் தொடங்குமுன் கைப்பழக்கத்துக்காக இருவரும் பந்தைத் தட்டிப் பார்ப்பது. அமெரிக்கர் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கியதாகப் புரிந்துகொள்வார். நாக் ஆஃப், கிரிக்கெட்டில் மிச்சமிருக்கும் ரன்களை எடுத்து முடிப்பது. அலுவலகத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவது. விலையில் கொஞ்சம் குறைப்பது. சேர்த்துச் சொன்னால் போலிச் சரக்கு.

இதென்ன மொழி, ஒரு தட்டுக்கு இத்தனை அர்த்தமா என்று ஒரு நாள் தொலைபேசியில் புலம்பினேன். மறுமுனையில் சிரிப்பு. "சித்தி, நாம் மட்டும் என்ன யோக்கியமா? தட்டிக்கொடுப்பது ஒன்று, தட்டிக்கேட்பது ஒன்று" என்றான். போனை வைத்துவிட்டுக் கணக்கெடுத்தேன். தட்டிக்கொடுத்தால் உற்சாகம். தட்டிக்கேட்டால் சண்டை. தட்டிக்கழித்தால் சோம்பல். தட்டிப்பறித்தால் களவு. தட்டிச்சென்றால் பரிசு. தட்டிப்போனால் கல்யாணம் நின்றது. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் 'முதல் பரிசைத் தட்டிச் சென்றார்' என்று படித்து, தட்டினால் கீழே விழுந்திருக்குமே என்று குழம்பினால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

அந்தக் கணக்குக்குப் பிறகு என் வேலை எளிதாகிவிட்டது. ஆங்கிலம் வால் வைத்துச் செய்கிற வேலையைத் தமிழ் இரண்டாவது வினையை வைத்துச் செய்கிறது. தேர்வில் 'செய்ல் த்ரூ' என்று வந்தால் பாய்மரத்தைத் தேடாமல் 'ஊதித் தள்ளினாள்'. அழகைப் பார்த்து 'போல்ட் ஓவர்' ஆனவர் 'சொக்கிப் போனார்'. விசாரணையில் பொய் சொல்லி 'காட் அவுட்' ஆனவரை மட்டும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'பிடிபட்டார்' என்றால் திருடனைப் போல் இருக்கிறது. அவர் திருடவில்லை, பேச்சில் தவறினார். பந்தைத் தூக்கி அடித்தார். அடித்தது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது போய் விழுகிற இடத்தில் ஒருவர் கையை ஏந்தி நின்றிருந்தார். கடைசியில் 'அவருடைய பதிலைக்கொண்டே அவரை மடக்கினார்கள்' என்று எழுதினேன். அடித்த பந்தே ஆளை வெளியேற்றுகிறது என்ற காட்சி அதில் இருப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. வாடிக்கையாளர் படித்துவிட்டுச் சொல் அதிகமாகிவிட்டது என்றார்.

இன்னொன்றையும் கவனித்து வருகிறேன். ஆங்கிலம் மைதானத்திலிருந்து சொல்லை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறது. தமிழ் விளையாட்டுப் பக்கம் அதைத் திருப்பிச் செய்கிறது. பந்தை 'விளாசினார்' என்கிறோம். விளாசுவது சவுக்கின் வேலை. 'வெளுத்து வாங்கினார்' என்பது சலவைத் துறையிலிருந்து. ரன் 'குவிப்பது' களத்துமேட்டிலிருந்து. எதிரணியைச் 'சுருட்டுவது' பாயிலிருந்து. கைக்கு வந்த கேட்சைக் 'கோட்டைவிட்டார்' என்கிறோம். அதனால்தான் ஒரு வேலையைச் சொதப்பியவர் 'டிராப்ட் த பால்' என்று ஆங்கிலத்தில் வரும்போது நான் யோசிப்பதே இல்லை. கோட்டைவிட்டார். பந்து போய்க் கோட்டை வந்தது, இழப்புக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

நம்மிடம் ஆட்டத்திலிருந்து வந்த தொடர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். மண்ணைக் கவ்வியவரும் கோதாவில் குதித்தவரும் மல்யுத்தத்திலிருந்து வந்தவர்கள். 'கரணம் தப்பினால் மரணம்' கழைக்கூத்தாடியின் கயிற்றிலிருந்து வந்தது. அதற்கு ஈடான ஆபத்து ஆங்கிலத்தின் எந்தப் பந்திலும் இல்லை. ஆனால் மற்றவற்றைப் பார்த்தால் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டங்கள் அதிகம். காய் நகர்த்தினார், துருப்புச் சீட்டை இறக்கினார், அப்பாவியைப் பகடைக்காய் ஆக்கினார்கள். இதை வைத்து இனத்தின் குணம் என்று பெரிய தத்துவம் பேச எனக்கு விருப்பமில்லை. விளையாட்டு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த உரிமையும் கிடையாது.

இப்போதெல்லாம் முதல் வரைவை இயந்திரம் செய்துவிடுகிறது. திருத்துவதுதான் என் வேலை. சென்ற ஆண்டு இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான கடிதம் ஒன்றில் 'பந்து இப்போது உங்கள் நீதிமன்றத்தில் உள்ளது' என்று இருந்ததை நான் பார்ப்பதற்குள், அவசரக்காரர் ஒருவர் அப்படியே அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்துக்காரர்கள் வழக்குத் தொடுத்துவிட்டார்களோ என்று பயந்து வக்கீலைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டென்னிஸ் களத்துக்கும் ஆங்கிலத்தில் கோர்ட் என்றுதான் பெயர். பந்து வலையைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிட்டது, இனி அடிக்கவேண்டியது நீங்கள் என்பதுதான் சேதி. 'முடிவு இனி உங்கள் கையில்' என்றால் வக்கீல் செலவு மிச்சம். எனக்கு அன்றைக்கு ரகசியமாக ஒரு திருப்தி இருந்தது. கிரிக்கெட் வீரரைப் பெற்றெடுத்த எனக்கு ஒரு பங்காளி கிடைத்துவிட்டான்.

போன வாரம் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் நூற்றுச் சொச்சம் பக்க ஆவணத்தின் முதல் பாதியை முடித்துக் கொடுத்தேன். பேஸ்பால் அதில் கொட்டிக்கிடந்தது. உத்தேசக் கணக்கைக் குறிக்கும் மைதானம், நாலு மூலையையும் காப்பது, வளைந்து வரும் பந்து, மூன்று முறை தவறினால் வெளியேற்றம் எல்லாவற்றையும் அக்கா மகனின் துணையோடு கரையேற்றினேன். மறுநாள் பதில் வந்தது. வேலை பிரமாதம் என்று ஒரு வரி. இரண்டாம் பாதிக்கு ஒரு 'ரெய்ன் செக்' எடுத்துக்கொள்கிறோம் என்று அடுத்த வரி.

காசோலை ஏதோ வருகிறது என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"1880-களிலிருந்து இருக்கிற பழக்கம் சித்தி. பேஸ்பால் நடக்கும்போது மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டால், வேறொரு நாள் இலவசமாக வந்து பார்க்க டிக்கெட்டின் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். அதுதான் ரெய்ன் செக்."

"அப்படியென்றால் இரண்டாம் பாதி?"

"இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். மழை நின்றால் கூப்பிடுவார்கள்."

"எனக்கு அந்தத் துண்டைக்கூடக் கொடுக்கவில்லையே" என்றேன்.

அதற்கு மட்டும் அவனிடம் விதி இல்லை.